இருமல், சளி டெஸ்ட், டி.பி.: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் சளிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கொண்டலாம்பட்டி தறிக்காரர், சிவதாபுரம் கொலுசுப் பட்டறைக்காரர், ஏற்காட்டுக் காபித் தோட்டத்திலிருந்து இறங்கி வருபவர் என்று யார் வந்தாலும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். பின்னால் வரிசை நிற்கும்போது நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களைச் சேர்த்திருக்கிறேன். எல்லாம் நுரையீரலில் வரும் காசநோயைப் பற்றியவை. மருந்தை டாக்டர்தான் முடிவு செய்வார். எந்த டெஸ்ட் எதற்கு, ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்பதுதான் இங்கே.

ரெண்டு வாரமா இருமல் விடவே மாட்டேங்குது. டி.பி.யா இருக்குமுங்களா?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரண்டு வாரம் என்பது டெஸ்ட் எடுப்பதற்கான எல்லை, அவ்வளவுதான். சளி கொடுக்க வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு டி.பி. இருப்பதில்லை. ஆஸ்துமா, பீடி சிகரெட், வைரஸ் காய்ச்சலுக்குப் பின் தங்கிய இருமல், சில பிரஷர் மாத்திரைகள் என்று காரணம் பல. ஆனால் இருமலை மட்டும் வைத்து, இது டி.பி. இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். இருமல் வந்த உடனே டெஸ்ட் எடுக்கலாம்.

இருமல் தவிர வேற என்னென்ன அறிகுறி வரும்?

சாயங்காலம் ஆனால் லேசான காய்ச்சல், ராத்திரியில் வியர்வை, பசியின்மை, எடை குறைவது, அசதி, நெஞ்சு வலி, சளியில் ரத்தம், நோய் முற்றினால் மூச்சு வாங்குவது. எல்லாம் ஒருவருக்கே வர வேண்டும் என்பதில்லை. காய்ச்சல் கொதிக்காது, "மேல் கதகதன்னு இருக்கு" என்றுதான் சொல்வார்கள். வியர்வை என்றால் விடியும்போது தலையணை உறை ஈரமாக இருக்கும் அளவுக்கு. எடை குறைவதைத் தராசில் பார்ப்பவர்கள் குறைவு. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன், ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டது என்பதையெல்லாம் டாக்டரிடம் சொல்லுங்கள். உங்களுக்குச் சின்ன விஷயம். அவருக்கு அது முக்கியமான தகவல்.

ராப்பகலாகத் தறி ஓட்டுபவர்கள் இந்த அசதியை வேலைக் களைப்பு என்றே நினைத்து மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள். சளியில் ரத்தக் கோடு தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். வாய் நிறைய ரத்தமாக வந்தால் டெஸ்டுக்கு நிற்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

எனக்கு இருமலே இல்லீங்க. கேம்ப்ல எக்ஸ்ரே எடுத்துட்டு சளி கேக்குறாங்க, எதுக்கு?

அறிகுறி இல்லாமலே நுரையீரலில் நோய் இருக்க முடியும் என்பதால். 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க எடுத்த காசநோய்க் கணக்கெடுப்பில், நோய் உறுதியானவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் எக்ஸ்ரேயால்தான் சிக்கினார்கள். அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் அவர்கள் எல்லாரும் தப்பிப்போயிருப்பார்கள். கேம்ப்பில் சளி கேட்டால் மறுக்காமல் கொடுங்கள்.

மலையில பனி, குளிர். கார்த்திகை மார்கழின்னா எல்லாருமே இருமிக்கிட்டுதான் இருக்கோம். எப்படிங்க பிரிச்சுப் பார்க்கிறது?

ஏற்காடு, நாகலூர்ப் பக்கத்து ஆட்கள் தவறாமல் கேட்பது இது. குளிரோ பனியோ டி.பி.யைக் கொண்டுவராது. குளிருக்காகக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் எல்லாரும் படுப்பது கிருமி பரவ வசதியாகிறது. விறகடுப்புப் புகையும் நுரையீரலைப் பலவீனமாக்கும்.

பிரித்துப் பார்க்க மூன்றைக் கவனியுங்கள்: இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியதா, உடம்பு இளைத்ததா, சாயங்காலக் காய்ச்சல் உண்டா. ஒன்று இருந்தாலும் சளி கொடுங்கள். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர முடியாத வயதானவர்களுக்காக, சளியை மட்டும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பும் ஏற்பாடு காசநோய்த் திட்டத்தில் இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

டி.பி.யில எத்தனை வகைங்க? எனக்கு வந்தது எது?

முதலில் ஒரு வேறுபாடு. கிருமி உள்ளே போன எல்லாருக்கும் நோய் வருவதில்லை. உலகில் ஏறக்குறைய நான்கில் ஒருவரின் உடம்பில் இந்தக் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. அவர்களில் 100 பேருக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறும். தூங்கும் நிலையில் இருமலும் இல்லை, எக்ஸ்ரேயில் நிழலும் இல்லை, அடுத்தவருக்குப் பரவுவதும் இல்லை.

நோயாக மாறும்போது அது பல உருவம் எடுக்கும். குழந்தைகளுக்குக் கிருமி புதிதாக நுழையும்போது வருவது ஒன்று. நுரையீரலில் சின்னப் புண், கூடவே நுரையீரலின் வேர்ப்பகுதியில் நெறி கட்டும். பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் பழைய கிருமி விழித்துக்கொள்வதால். இது நுரையீரலின் மேல் பகுதியைப் பிடிக்கும், சதையைக் கரைத்துக் குழி போடும். அந்தக் குழியில் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். அடுத்தவருக்கு அதிகம் பரப்புபவர்கள் இந்த வகையினர். கிருமி ரத்தத்தில் கலந்து இரண்டு நுரையீரலிலும் கேழ்வரகு தூவியது போலப் புள்ளி புள்ளியாகப் பரவுவது இன்னொன்று. ஆபத்தானது, மூளைக்கும் போகலாம். நுரையீரலைச் சுற்றிய உறையில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. அதில் பக்கவாட்டில் குத்தும் வலியும் மூச்சு வாங்குவதும் முன்னால் வரும், சளியில் கிருமி பெரும்பாலும் கிடைக்காது. அந்த நீரை ஊசியால் எடுத்துத்தான் பார்ப்பார்கள்.

இவை எல்லாவற்றிலும் குறுக்கே ஒரு பிரிவு ஓடுகிறது: வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படும் டி.பி., கட்டுப்படாத டி.பி. சிகிச்சையை மாற்றுவது முக்கியமாக இதுதான்.

ஒரே தட்டுல சாப்பிட்டா, துணியைத் தொட்டா ஒட்டிக்குமா?

இல்லை. இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் காற்றில் கலக்கும் நுண்துளியை மூச்சில் இழுத்தால்தான் கிருமி உள்ளே போகும். தட்டு, டம்ளர், போர்வை, கை கொடுப்பது எதிலும் வராது. வீட்டில் ஒருவருக்குத் தனித் தட்டு வைத்து மூலையில் உட்கார வைப்பதால் யாருக்கும் பாதுகாப்பு கிடைப்பதில்லை, அவர் மனம்தான் உடையும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இடம் முக்கியம். ஜன்னல் குறைந்த சின்ன அறையில் நான்கைந்து பேர் நாள் முழுக்கத் தலையோடு தலை சேர்த்து உட்காரும் கொலுசுப் பட்டறையில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவர்களும் டெஸ்ட் எடுத்தாக வேண்டும். வீட்டில் இருப்பவர்களும் அப்படியே. நோய் இல்லை என்று உறுதியான பிறகு, தூங்கும் கிருமி விழிக்காமல் இருக்கத் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். தினமும் ஆறு மாதம் சாப்பிடுவது ஒன்று, வாரம் ஒருமுறை வீதம் 12 வாரம் சாப்பிடுவது இன்னொன்று. கல் குவாரியில் தூசி சுவாசித்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கல்தூசியால் கெட்ட நுரையீரலில் டி.பி. சுலபமாக வரும்.

சளி எப்படிக் கொடுக்கணும்? இருமினா எச்சில்தான் வருது.

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நல்ல மெஷின் இருந்தும், திறமையான டாக்டர் இருந்தும், டப்பாவில் எச்சில் இருந்தால் ரிப்போர்ட் நெகட்டிவ் என்றுதான் வரும். நோய் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

வழக்கமாக இரண்டு சாம்பிள். ஒன்று நீங்கள் வந்த அன்றைக்கே, இன்னொன்று மறுநாள் காலை எழுந்தவுடன். ராத்திரி முழுக்க நெஞ்சில் சேர்ந்த சளி என்பதால் காலைச் சளிதான் பெறுமானம் உள்ளது. வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். வெற்றிலை பாக்கு போட்ட வாயோடு வந்தால் எது ரத்தம், எது வெற்றிலைச் சிவப்பு என்றே தெரியாது. ஆழமாக மூச்சை இழுத்து, சில நொடி பிடித்து, விடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு அடி நெஞ்சிலிருந்து இருமுங்கள். டப்பாவை உதட்டோடு ஒட்டிப் பிடித்துத் துப்புங்கள். கெட்டியாக, மஞ்சளாகவோ பச்சையாகவோ, கோழையாக விழுந்தால் அது சளி. தண்ணீர் போல நுரைத்துக்கொண்டு நின்றால் எச்சில். இன்னொரு முறை இருமுங்கள். ஒரு டீஸ்பூன் அளவு வேண்டும்.

வாசலில், மொட்டை மாடியில், மரத்தடியில் நின்று எடுங்கள். பாத்ரூமுக்குள் வேண்டாம், மூடிய இடத்தில் அந்தக் காற்று தங்கிவிடும், அடுத்து உள்ளே போகிறவர் அதைச் சுவாசிப்பார். மூடியை இறுக்கி மூடி, அன்றைக்கே கொண்டுவந்து விடுங்கள். டப்பாவின் உடம்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். மூடியில் மட்டும் எழுதியிருந்தால் மூடி மாறும்போது ஆளும் மாறிவிடும். சளி வரவே இல்லை என்றால் எச்சிலைக் கொடுத்துவிட்டுப் போகாமல் எங்களிடம் சொல்லுங்கள். உப்பு நீராவி பிடிக்க வைத்துச் சளி எடுக்க வழி இருக்கிறது.

மைக்ரோஸ்கோப், சிபிநாட், கல்ச்சர்னு ஏன் இத்தனை? ஒண்ணு போதாதா?

ஒவ்வொன்றின் கண்ணும் ஒவ்வொரு அளவு. மைக்ரோஸ்கோப்பில் தெரிய ஒரு மில்லி சளியில் ஏறக்குறைய 5,000 முதல் 10,000 கிருமி வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் நெகட்டிவ் என்றுதான் வரும். சிபிநாட் மெஷின் கிருமியின் மரபணுவைத் தேடுகிறது. மில்லிக்கு நூற்றுச் சொச்சம் கிருமி இருந்தாலே பிடித்துவிடும், சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிவும் தரும். ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்து வேலை செய்யுமா என்றும் சொல்லிவிடும். ட்ரூநாட் நம் நாட்டிலேயே தயாரானது, கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது. பேட்டரியில் ஓடுவதால் சின்ன மையங்களுக்குத் தோதானது.

கல்ச்சர் என்பது கிருமியை வளர்த்துப் பார்ப்பது. திரவ முறையில் 42 நாள் வரை, திட முறையில் 8 வாரம் வரை ஆகலாம். மெதுவானது, ஆனால் உயிரோடு இருக்கும் கிருமியை உறுதியாகச் சொல்வது அதுதான். எந்தெந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்றும் அதில் விவரமாகப் பார்க்கலாம்.

ரிப்போர்ட்ல 'நாட் டிடெக்டட்'னு போட்டிருக்கு. அப்புறம் ஏன் மாத்திரை கொடுக்கறாங்க?

இரண்டு வரியையும் சேர்த்துப் படியுங்கள். சிபிநாட் ரிப்போர்ட்டின் முதல் வரி, டி.பி. கிருமி இருக்கிறதா என்பது. இரண்டாவது வரி, ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமியா என்பது. "எம்டிபி டிடெக்டட், ரிஃப் ரெசிஸ்டன்ஸ் நாட் டிடெக்டட்" என்று இருந்தால், டி.பி. இருக்கிறது, அந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அர்த்தம். கடைசி இரண்டு வார்த்தையை மட்டும் பார்த்து நோய் இல்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. சில வாரம் கழித்து மோசமான நிலையில் திரும்பி வருவார்கள். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று. ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் என்றால் எல்லா மருந்துக்கும் கட்டுப்படும் என்று ஆகாது. ஐசோநியாசிட் என்ற மற்றொரு முக்கிய மருந்தை வழக்கமான சிபிநாட் பார்ப்பதில்லை. அதற்குத்தான் சிகிச்சை தொடங்கிய பிறகும் இன்னொரு சாம்பிள் வெளி ஆய்வகத்துக்குப் போகிறது. மறுபடியும் ஏன் சளி கேட்கிறார்கள் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். 'இன்டிடர்மினேட்' என்று வந்தால் மெஷினால் முடிவு சொல்ல முடியவில்லை; புதிய சளி கொடுக்க வேண்டும்.

2+ன்னு போட்டிருக்கு. ரெண்டாவது ஸ்டேஜுங்களா?

இல்லை. புற்றுநோய்க்குச் சொல்லும் ஸ்டேஜ் வேறு. இது மைக்ரோஸ்கோப்பில் எவ்வளவு கிருமி தெரிந்தது என்ற கணக்கு. மைக்ரோஸ்கோப்பில் ஒரு பார்வையில் தெரியும் வட்டம்தான் ஒரு பார்வைப் புலம். 100 பார்வைப் புலத்தில் 1 முதல் 9 கிருமி இருந்தால் 'ஸ்கேன்டி', 10 முதல் 99 இருந்தால் 1+. ஒவ்வொரு புலத்திலும் 1 முதல் 10 இருந்தால் 2+, அதற்கும் மேலே 3+. அதிகம் இருந்தால் அடுத்தவருக்குப் பரவும் வாய்ப்பு அதிகம். 3+ ஆனவர்களும் மாத்திரையை ஒழுங்காக முடித்தால் குணமாகிறார்கள்.

எக்ஸ்ரே பார்த்தே டி.பி.ன்னு சொல்லிட்டாங்க. சளி வேற கொடுக்கணுமா?

கொடுங்கள். எக்ஸ்ரே நிழலைக் காட்டும், அது எதனுடைய நிழல் என்று சொல்லாது. நிமோனியா, புற்றுநோய், பழைய தழும்பு, கல்தூசி நோய் எல்லாமே நிழல் போடும். அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. சி.டி. ஸ்கேனுக்கும் இதுவே பதில். ஸ்கேனுக்குச் செலவழிப்பதற்கு முன்னால் இலவச சளி டெஸ்டை முடித்துவிடுங்கள்.

ரத்த டெஸ்ட்லயே தெரிஞ்சிடாதா? கையில ஊசி போட்டுப் பார்த்தாங்களே?

ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைப் பார்த்து டி.பி. என்று சொல்லும் டெஸ்டுகளை 2012-ல் மத்திய அரசு தடை செய்துவிட்டது. தப்பான முடிவுகள் அதிகம் வந்ததே காரணம். கையில் போடும் மாண்டூ ஊசியை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளந்து பார்ப்பார்கள். இக்ரா என்ற ரத்த டெஸ்டும் இருக்கிறது. இவை இரண்டும் கிருமி உடம்புக்குள் போயிருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். வகைகளைப் பற்றிய பதிலில் சொன்ன தூங்கும் கிருமிக்கும் இவை பாசிட்டிவ் காட்டும். இதை மட்டும் வைத்துப் பெரியவர்களுக்கு நோய் என்று முடிவு செய்யக் கூடாது.

மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டேன், நல்லாத்தான் ஆச்சு. ஒரு மாசத்துல திரும்ப வந்துடுச்சு. அப்படின்னா டி.பி. இல்லைதானே?

இதை நம்பி ஏமாறாதீர்கள். லீவோஃப்ளாக்ஸசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் டி.பி. கிருமியையும் ஓரளவு அடக்கும். சில நாள் இருமல் குறையும், சளியில் கிருமி தெரியாமல் போகும், நோய் உள்ளேயே இருக்கும். அந்த மருந்துக்கே கிருமி பழகிவிடும் ஆபத்தும் உண்டு. என்ன சாப்பிட்டீர்கள் என்று மருந்து அட்டையை எடுத்துக்கொண்டு வந்து காட்டுங்கள்.

எனக்குச் சுகர் இருக்கு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு டி.பி. வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. நிழல் மேல் பகுதியில் இல்லாமல் கீழ்ப் பகுதியில் விழுவதும் இவர்களிடம் அதிகம், அதனால் நிமோனியா என்று நினைத்துவிடலாம். டி.பி. உறுதியான எல்லாருக்கும் சுகரும் எச்.ஐ.வி.யும் பார்ப்பது வழக்கம். சந்தேகப்பட்டுப் பார்க்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

குழந்தைக்குச் சளி துப்பத் தெரியாதே, எப்படிப் பார்ப்பாங்க? தடுப்பூசி போட்டிருக்கோமே?

குழந்தை சளியை விழுங்கிவிடும். அதனால் காலையில் வெறும் வயிற்றில் இரைப்பை நீரை எடுத்து சிபிநாட்டில் பார்ப்பார்கள், மலத்திலும் பார்க்கலாம். எடை ஏறாமல் நிற்பது, விளையாடாமல் சோர்ந்திருப்பது, வீட்டில் யாருக்காவது டி.பி. இருப்பது ஆகிய மூன்றும் குழந்தைகளிடம் இருமலைவிட முக்கியமான குறிப்புகள். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி, மூளைக்குப் போவது போன்ற கடுமையான வகைகளிலிருந்து குழந்தையைக் காக்கும். வளர்ந்த பிறகு நுரையீரலில் வருவதைத் தடுக்கும் என்று அதை நம்பி இருக்க முடியாது.

ஏற்காட்டுல கொஞ்ச நாள் நல்ல காத்துல இருந்தா சரியாகிடும்னு சொல்றாங்களே?

மருந்து இல்லாத காலத்தில் மலைக்கும், டி.பி. நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் சானடோரியத்துக்கும் அனுப்பினார்கள். அந்த எண்ணத்தை மாற்றியதே நம் சென்னையில் நடந்த ஆராய்ச்சிதான். 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் ஒரு பகுதி நோயாளிகளுக்குச் சானடோரியத்திலும், இன்னொரு பகுதியினருக்கு நெருக்கடியான ஏழை வீடுகளிலேயும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959-ல் வந்த முடிவு: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், அவர்கள் வீட்டாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுக்க டி.பி. நோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட வழி செய்தது இது. மலைக்குப் போகிற பஸ் காசுக்கு முட்டையும் பயறும் வாங்கிச் சாப்பிடுங்கள்.

டி.பி.ன்னு பதிஞ்சா ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடுமா?

2012 முதல் தனியார் டாக்டரும் ஒவ்வொரு டி.பி. நோயாளியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இது நிக்ஷய் என்ற பதிவில் ஏறும். ஊரில் யாருக்கும் அறிவிக்க மாட்டார்கள். பதிந்தால் மருந்து இலவசம். 2024 நவம்பரிலிருந்து சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். நம் மாநிலத்தில் 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டமும் நடக்கிறது. எடை, ரத்த ஆக்சிஜன், நிற்க முடிகிறதா என்பதை ஆரம்பத்திலேயே பார்த்து, மோசமாக இருப்பவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். சந்தேகம் கேட்க இலவச எண் 1800-11-6666.

ரெண்டு தடவை சளி நெகட்டிவ். ஆனா டாக்டர் டி.பி.ன்னு மாத்திரை சாப்பிடச் சொல்றார். நம்பலாமுங்களா?

நம்பலாம், ஆனால் எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. எச்சில் கொடுத்தது, கிருமி குறைவு, நீர் கோத்த வகை, இடையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டது என்று நெகட்டிவ் வரும் காரணங்களை மேலே பார்த்தோம். எக்ஸ்ரே, எடை, காய்ச்சல், வீட்டில் நோய் உள்ளவர் எல்லாவற்றையும் சேர்த்து டாக்டர் முடிவெடுப்பதும் முறையான வழிதான். மருந்து தொடங்குவதற்கு முன் மைக்ரோஸ்கோப் மட்டும் பார்த்திருந்தால், நல்ல காலைச் சளியாக ஒன்று சிபிநாட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். நெகட்டிவ் என்று வந்தும் இருமல் போகவில்லை, எடை ஏறவில்லை என்றால் அந்த ரிப்போர்ட்டை மடித்துப் பீரோவில் வைத்துவிடாமல் திரும்ப வாருங்கள்.

ஆறு மாசம் மாத்திரை முடிச்சாச்சு. வெளியில சிபிநாட் எடுத்தா மறுபடி பாசிட்டிவ், எக்ஸ்ரேலயும் நிழல் இருக்கு. திரும்ப வந்துடுச்சா?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சிபிநாட் மரபணுவைத் தேடுகிறது என்று பார்த்தோம். செத்த கிருமியின் மரபணுவும் அதில் விழும், பல மாதம் வரைகூட. அதனால் குணமாகிவிட்டதா என்று பார்க்க மைக்ரோஸ்கோப்பும் கல்ச்சரும்தான். எக்ஸ்ரே நிழல் ஆறிய புண்ணின் தழும்பாக இருக்கலாம், அது ஆயுளுக்கும் போகாது. பழைய எக்ஸ்ரேயைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் புதிய நிழலா என்று தெரியும். அதனால் ஃபிலிம்களை எறியாமல் தேதி எழுதி வையுங்கள். மருந்து முடிந்த பிறகு 6, 12, 18, 24 மாதங்களில் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். திரும்ப வருவதென்றால் பெரும்பாலும் அந்த இரண்டு வருடத்துக்குள்தான். கூப்பிடும்போது பழைய ஃபிலிமையும் அன்றைய காலைச் சளியையும் கொண்டுவாருங்கள்.